மரிசோலுக்கும் சேர்த்து நான் பேசிய ஜெர்மன்

இந்த ஊரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், இதைப் படிக்கிற யாராவது ஒரு புண்ணியவான் அந்த மொழிப் பள்ளியைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். நான் அங்கே போட்ட சண்டைக்குச் சாட்சியும் கிடைத்துவிடும். ஜெர்மனியின் கிழக்குப் பக்கம், ஒரு மலையடிவாரம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் மருந்துக்குக்கூட ஒரு ஆள் தென்படாத ஊர் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பெண். பெயர் கோமதி. நர்ஸ். ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு வருடம் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று வந்தேன். எடுத்துக்கொண்டார்கள் என்றால், காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள், வார்டுக்குள் விடவில்லை. ஜெர்மன் மொழியில் பி-டூ தேர்வில் தேறி, மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினால்தான் வேலை. இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. ஐந்து மாதமாக அந்தச் சான்றிதழுக்காகத்தான் தொண்டை வறளப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதே ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்துப் போட்டு வந்தவள் மரிசோல். கொலம்பியாக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி, விடுதியில் பக்கத்து அறை. எழுத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி. வாய்தான் வராது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்கு வருவதற்குள் நாம் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அவளுக்கும் அதே மாதக் கடைசிதான் கெடு. தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

நான் எழுதப்போவது அந்தக் கடைசி நாலு வாரத்தை. முக்கால்வாசி கோபமாகத்தான் இருக்கும். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

முதல் வாரத் திங்கட்கிழமை ரயில் என்னை ஏமாற்றியது. விடுதி ஒரு கிராமத்தில், பள்ளி டவுனில், நடுவில் இருபது நிமிடப் பயணம். இந்த நாட்டில் ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். முன்பாதி டவுனுக்குப் போகும். பின்பாதி எங்கேயோ காட்டுக்குள் போகும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தினமும் முன்பாதியில்தான் ஏறுவேன்.

அன்று பின்பாதிக் கதவு அருகே ஒருத்தி குழந்தை வண்டியைத் தூக்க முடியாமல் படியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் முன் சக்கரத்தைப் பிடித்தேன். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, "நன்றி, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். பாதி தூக்கிய வண்டியைக் குழந்தையோடு யாராவது கீழே வைப்பார்களா? நான் தூக்கி உள்ளே வைத்தேன். கதவு மூடிக்கொண்டது. உள்ளே முன்பாதிக்குப் போக வழி கிடையாது. பாதி வழியில் ரயில் பிரிந்து, என் பாதி ஒரு மரம் அறுக்கும் ஆலையும் இரண்டு குதிரைகளும் மட்டுமே இருந்த ஓர் ஊரில் போய் நின்றது. திரும்பி வர அடுத்த ரயில் ஒரு மணி நேரம் கழித்து.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தினமும் என்னோடு அதே பிளாட்பாரத்தில் நிற்கும் தொப்பிக்காரர் ஒருவர் அந்தப் பெட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஐந்து மாதமாக நான் முன்பாதியில் ஏறுவதைப் பார்த்தவர். மர ஆலை வாசலில் இறங்கும்போது நிதானமாகச் சொல்கிறார்: "நீங்கள் இன்று வேறு எங்கோ போகிறீர்கள் என்று நினைத்தேன். கேட்பது மரியாதை இல்லையே."

மரியாதையாம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் தென்னேரிக்குப் போக வேண்டியவள் தப்பித் தவறி வேறு பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டால், வண்டி நகர்வதற்குள் பக்கத்து சீட்டு அம்மா, "எங்கம்மா போற நீ? இது அங்க போவாது, எறங்கு எறங்கு" என்று பையைப் பிடுங்கி வெளியே நீட்டிவிடுவாள். நாம் யார், எந்தத் தெரு, கல்யாணம் ஆகிவிட்டதா என்ற விசாரணையும் அதற்குள் முடிந்திருக்கும். மரியாதை இருக்கிறதோ இல்லையோ, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவோம். நான் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு குளிரில் ஒரு மணி நேரம் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை சோற்றுக் கோபம். இவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பே மூட்டுவதில்லை. ஆறு மணிக்கு ஆறிப்போன ரொட்டி, அதன் மேல் ஒரு சீஸ் துண்டு, பக்கத்தில் ஒரு வெள்ளரி ஊறுகாய். இது நோயாளிக்குக் கொடுக்கிற சாப்பாடு என்று வந்த புதிதில் நினைத்தேன். ஆரோக்கியமாக இருப்பவர்களும் அதைத்தான் தின்கிறார்கள்.

வயிறு பொறுக்காமல், ஊரிலிருந்து கொண்டுவந்த சுக்கு, மிளகு, சீரகம் எல்லாம் தட்டிப்போட்டுக் கோயில் இட்லிக்கு மாவு கரைத்து, பொங்கட்டும் என்று பொதுச் சமையலறையில் ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்தேன். காலையில் பாத்திரத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "அன்புள்ள விடுதிவாசிகளே, இந்தப் பாத்திரத்தில் உள்ளது வளர்ந்துகொண்டிருக்கிறது. உரியவர் ஆவன செய்யவும். அன்புடன், அறை எண் ஏழு." அறை எண் ஏழு என் அறையிலிருந்து பன்னிரண்டு காலடி தூரம். அந்த அறைப் பெண் ஐந்து நிமிடம் முன்னால்தான் சிரித்த முகத்தோடு எனக்குக் காலை வணக்கம் சொன்னாள். என் முகத்துக்கு நேரே கேட்டால் வாய் கோணிக்கொள்ளுமா? எங்கள் தெருவில் என்றால் பக்கத்து வீட்டுக்காரி "யாருதுப்பா இது, வழியுது பாரு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, அவளே இன்னொரு பாத்திரத்தில் பாதியை மாற்றி வைத்திருப்பாள்.

அன்று மாவை டம்ளர்களில் ஊற்றி வேகவைத்து, மரிசோலுக்கும் நாலு வைத்தேன். ஒரு வாய் போட்டுக்கொண்டு, "இது... இது..." என்று தொடங்கினாள். "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று நான் முடித்தேன். தலையாட்டிவிட்டு நாலையும் தின்றாள்.

புதன்கிழமை வகுப்பில்தான் விவகாரத்தின் ஆரம்பம். எங்கள் ஆசிரியை வெண்ட் அம்மாள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் பேசத் தடுமாறினால் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு நிற்பார். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று அப்படியே நிற்பார். எதிரில் மனுஷி வேர்த்து விறுவிறுத்துப் போவாள், இவர் புன்னகை மட்டும் மாறாது. எனக்கு அதைப் பார்க்கவே வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

அன்று பேச்சுத் தேர்வுக்கான பயிற்சி. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து பேச வேண்டும். எனக்கு ஜோடி மரிசோல். அவள் எங்கே நின்றாளோ அங்கே நான் வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். அவள் "நாம் முதலில் ஒரு..." என்றால் நான் "அறை பிடிக்க வேண்டும்" என்பேன். "எனக்குத் தோன்றுவது..." என்றால் "அதற்குச் செலவு அதிகம்" என்பேன். அவள் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள். ஒரு தடவை மேசைக்கு அடியில் என் கையை அழுத்தினாள். நன்றி சொல்கிறாள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

வெண்ட் அம்மாள் குறுக்கே வந்தார். "கோமதி, அந்த வாக்கியம் மரிசோலுடையது. அவரே முடிக்கட்டும்."

"அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது, கொடுத்தேன்."

"அவர் உங்களிடம் கேட்டாரா?"

கேட்டாரா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? எங்கள் தெருவில் காலை வேளையில் தறிக்குப் பாவு நீட்டுவார்கள். மூன்று புடவைக்கு வேண்டிய பட்டு இழைகள் மொத்தமும் தெரு நீளத்துக்கு, கழிகளின் மேல் விறைப்பாக நிற்கும். எங்காவது ஓர் இழை அறுந்து தொங்கினால், பால் வாங்கப் போகிறவரோ பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாத்தியாரோ நின்று, இரண்டு முனையையும் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நகர்வார். யாருடைய பாவு என்று கேட்பதில்லை. போடட்டுமா என்றும் கேட்பதில்லை. பார்த்துவிட்டுச் சும்மா போனவரைப் பற்றித்தான் ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். பேசும்போதும் எங்களுக்கு அதே பழக்கம்தான். எதிரில் ஒருவர் வார்த்தைக்குத் திண்டாடுகிறார், நாம் வாயை மூடிக்கொண்டு பார்த்தோம் என்றால், அது திமிர். இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று அன்று எனக்கும் தெரியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் சாவு விழுந்த மாதிரி இருக்கும். கடை கிடையாது. துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டேன், சத்தம் வருகிறது என்று கதவில் ஒரு சீட்டு. அறை எண் ஏழுதான். ஈரத் துணியை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வாக்கியத்தை ஒருத்தரே தனியாக முடித்ததாக எனக்கு நினைவில்லை.

"அம்மா, வர்ற வியாழக்கெழம—"

"பரீட்ச. தெரியும்மா. குமரகோட்டத்துக்குப் போயி—"

"அர்ச்சன பண்ணு. என் பேருக்கு மட்டும் பண்ணாத—"

"அந்தப் பொண்ணு பேருக்கும் பண்றேன். பேரு தான் வாயில நொழைய மாட்டேங்குது. நட்சத்திரம் இன்னான்னு கேட்டா இன்னா சொல்றது?"

வெண்ட் அம்மாள் சொன்னதைச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

"அதுல இன்னாமா தப்பு இருக்குது? அவ தெணறிக்கினு நிக்கறா, நீ வேடிக்க பாத்துக்கினு இருக்கணுமா? நல்ல டீச்சரம்மா. நீ பாட்டுக்கு எடுத்துக் குடு. புண்ணியம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. தெம்பாகப் போனை வைத்தேன்.

வியாழக்கிழமை தேர்வு. காலையில் எழுத்து, மத்தியானம் பேச்சு. எழுத்துத் தேர்வில் மரிசோல் எனக்கு முன்னால் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சுத் தேர்வு ஒரு சின்ன அறையில். மேசைக்கு அந்தப் பக்கம் வெளியூரிலிருந்து வந்த இரண்டு தேர்வாளர்கள். ஒரு கண்ணாடிக்கார அம்மாள் கேள்வி கேட்பார். ஒரு நரைத்த தாடிக்காரர் மதிப்பெண் போடுவார். இந்தப் பக்கம் நாங்கள் இருவர்.

முதலில் நம் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். தாடிக்காரர் விறுவிறுவென்று எழுதிக்கொண்டார்.

மரிசோல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இருபது வருடம், நான்..." என்றாள். நின்றுவிட்டாள். கண்ணாடி அம்மாள் வெண்ட் அம்மாளைப் போலவே புன்னகைத்தார். எனக்கு நாக்கு நமநமவென்றது. மரிசோலின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை.

"நர்ஸாக இருந்தார்" என்றேன் நான்.

மரிசோல் என்னைப் பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பித் தலையாட்டினாள். "ஆமாம். நர்ஸ்."

"அவரே பேசட்டும், தயவுசெய்து" என்றார் கண்ணாடி அம்மாள். நான் சரி என்றேன். சரி என்று சொன்ன வாய்தான் இரண்டாவது நிமிடத்தில் மறுபடி திறந்தது. வேலையை விட்டுப் போகும் ஒருவருக்கு வழியனுப்பு விழா நடத்துவது எப்படி என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். கேக்கை நான் சொன்னேன், பூங்கொத்தை நான் சொன்னேன், யாரைக் கூப்பிடுவது என்பதை அவள் ஆரம்பித்தாள், நான் முடித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. நாக்கு எனக்கு முன்னால் ஓடியது. தாடிக்காரர் கடைசிப் பத்து நிமிடம் எதுவும் எழுதவில்லை. அதை நான் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன், பாருங்கள்.

வெளியே வந்ததும், "தப்பித்தோம்" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் தோள் இளகவே இல்லை. களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை முடிவு தபாலில் விடுதிக்கு வந்தது. நான் தேறிவிட்டேன். மரிசோல் எழுத்தில் தொண்ணூறுக்கு மேல். பேச்சில் தேறவில்லை. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: சுயமாகப் பேசியது மதிப்பிடப் போதுமானதாக இல்லை. மறுதேர்வு ஆறு வாரம் கழித்து. மாதக் கடைசிக்கு இருந்தது ஒன்பது நாள்.

அவள் அந்தத் தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அறைக்குப் போனாள். நான் அடுத்த ரயிலைப் பிடித்துப் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே கௌண்டரில் ஒரு நீலச் சட்டைக்காரர். அவரிடம் நான் பேசிய ஜெர்மனைப் பேச்சுத் தேர்வில் பேசியிருந்தால் எனக்கு மெடல் குத்தியிருப்பார்கள். இது என்ன அநியாயம், அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, நடுவில் புகுந்து கெடுத்தது நான், தண்டனை அவளுக்கா, ஒரு மனுஷி வார்த்தைக்குத் திணறும்போது கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற நீங்கள் எல்லாம் வாத்தியார்களா, ஆறு வாரம் கழித்துத் தேர்வு வைத்து அவளுக்கு என்ன பிரயோஜனம், என்று பிள்ளையார்பாளையம் குழாயடிச் சண்டை மொத்தத்தையும் ஜெர்மனில் கொட்டினேன். வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

நீலச் சட்டைக்காரர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்க நின்றபோதும் காத்திருந்தார். "முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். முடித்துவிட்டேன் என்றேன். "உங்கள் ஜெர்மன் மிக நன்றாக இருக்கிறது" என்றார். அந்த ஆளை அங்கேயே கடித்துக் குதறியிருப்பேன். பிறகு ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து நீட்டினார். சீக்கிரம் தேர்வு வைக்கச் சொல்லி மனு கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் அதைத் தேர்வு எழுதியவரே தர வேண்டும். நான் தர முடியாது.

சரி, கையெழுத்து மட்டும்தானே அவளுடையது என்று அங்கேயே முழங்காலில் வைத்து முழுப் பாரத்தையும் நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, ஊரில் செய்த தொழில், மனுவுக்கான காரணம் எல்லாம். காரணத்தை அழகாக எழுதினேன். குற்றம் முழுக்க என் மேல் போட்டுக்கொண்டேன். மரிசோலைப் போனில் கூப்பிட்டு, உடனே கிளம்பி டவுன் ஸ்டேஷனுக்கு வா, எல்லாம் முடித்துவிட்டேன் என்றேன்.

வந்தாள். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து பாரத்தை மேலிருந்து கீழே படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"இது யாருடைய மனு?"

"உன்னுடையதுதான். இங்கே ஒரு கையெழுத்து."

"இதில் என் வார்த்தை ஒன்றுகூட இல்லை."

"நேரம் இல்லை மரிசோல். ஆபீஸ் நாலு மணிக்கு—"

"என் ஊரில் செய்த தொழில், நர்ஸ் என்று போட்டிருக்கிறாய்."

"நீ நர்ஸ்தானே?"

"நான்..." என்று ஆரம்பித்தாள்.

"சீனியர் நர்ஸா? பக்கத்தில் சேர்த்து எழுதிவிடலாம்" என்று பேனாவை எடுத்தேன்.

அவள் கையை உயர்த்தினாள். என் முகத்துக்கு நேரே, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவள் கண்ணில் கோபத்தைப் பார்த்தேன். எனக்கு வருவது போன்ற சத்தமான கோபம் இல்லை. "உன்னை யார் கேட்டது?" என்றாள். "ஒரு தடவையாவது நான் உன்னைக் கேட்டேனா? நிறுத்து என்று மேசைக்கு அடியில் கையைப் பிடித்து அழுத்தினேன். நீ சிரித்தாய்."

பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன்.

"நான்..." என்று மறுபடி தொடங்கினாள். வார்த்தை வரவில்லை. பிளாட்பாரத்தில் ரயில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். தலைமை, மேற்பார்வை, பொறுப்பு என்று எனக்கு வரிசையாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் நாக்கு நுனியில் வந்து முட்டியது. தொடையைக் கிள்ளிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தேன். ரயில் போய்விட்டது.

"குழந்தைகள் வார்டு" என்றாள் மரிசோல். "முப்பத்திரண்டு கட்டில். பதினான்கு நர்ஸ்கள். எல்லாரும் என் கையில். டாக்டர்கள் என்னைக் கேட்டுத்தான் உள்ளே வருவார்கள்." மூச்சு வாங்கினாள். "அதைத்தான் தேர்வில் சொல்ல வந்தேன். இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும். நீ நர்ஸ் என்று முடித்துவிட்டாய்."

"அப்படியானால் ஏன் தலையாட்டினாய்? இல்லை என்று சொல்லியிருக்கலாமே?"

"நீ அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்" என்றாள்.

ஐந்து மாதம் பக்கத்து நாற்காலி. ஒரே அடுப்பு. என் அம்மாவின் முட்டிவலி வரைக்கும் அவளுக்குத் தெரியும். அவள் ஒரு வார்டையே கட்டி ஆண்டவள் என்பது எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டால்தானே. இத்தனை நாள் ரயில் மேல் கோபப்பட்டேன், ரொட்டி மேல் கோபப்பட்டேன், அறை எண் ஏழின் மேல், வெண்ட் அம்மாள் மேல், நீலச் சட்டைக்காரர் மேல். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோது என் மேலேயே எனக்கு வந்த கோபத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. என் வாயிலேயே நாலு போட வேண்டும் போலிருந்தது. மன்னித்துவிடு என்றேன்.

அவள் பாரத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அதுவும் காகிதத்துக்கு என்று இருக்கிற தொட்டியாகப் பார்த்துப் போட்டாள். "புதுப் பாரம் வாங்கிக்கொள்கிறேன். நீ வராதே" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு நடந்தாள்.

வராதே என்றாள், நான் வாசல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். அதுவரைக்கும்தான் என்னால் முடிந்தது. கௌண்டரில் அவள் வாய் அசைவதும் நிற்பதும் தெரிந்தது. நிற்கும் நேரம்தான் அதிகம். நீலச் சட்டைக்காரர் முன்னால் சாய்ந்து, கையைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பிய அதே மாதிரிதான். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை, ஒருவரும் அவளுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. அவள் வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, "அடுத்த வெள்ளி" என்றாள். "தனியாக. ஜோடிக்கு எதிரில் வெண்ட் அம்மாள் உட்கார்ந்து பேசுவார். முடிவு அன்றைக்கே."

அந்த வாரம் நாங்கள் சேர்ந்து படிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் சத்தம் கேட்கும். நின்று நின்று கேட்கும். நான் தலையணையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் போனாள். மத்தியானம் அம்மா கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு? பாஸா—"

"தெரிலம்மா."

"போனப் போட்டுக் கேக்கறதுதான? வாய வெச்சிக்கினு சும்மா இருக்கற பொண்ணா நீ?"

"அவளே சொல்லட்டும்மா."

"ஒடம்பு நல்லா இருக்குதா ஒனக்கு?" என்று கேட்டாள் அம்மா.

மூன்று மணிக்கு மரிசோல் வந்தாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கோட்டைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான்..." என்றாள்.

கத்தியைக் கீழே வைத்தேன். பாஸா? ஃபெயிலா? இரண்டு வார்த்தையும் வாய்க்குள் வந்து நின்றன. பல்லை இறுகக் கடித்துக்கொண்டேன்.

"திங்கட்கிழமை..." என்றாள். நின்றாள். அறை எண் ஏழு உள்ளே வந்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வெளியே போனாள். மரிசோல் கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எனக்கு டியூட்டி" என்றாள்.